கூலிக்காரர் எழுதிய நாடகம்

வணக்கம் சார்,

திருச்சியில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் லோடுமேனாக இருக்கிறேன். பன்னிரண்டாவது வரை படித்தேன், அதற்கு மேல் படிக்க வீட்டில் வழியில்லை. பல வருடமாக நாடகம் எழுதுகிறேன். மூன்று நாடகங்களை முழுதாக முடித்து ஒரு நாடகக் குழுவுக்கு அனுப்பினேன். முதல் இரண்டுக்குப் பதிலே வரவில்லை. மூன்றாவது தொழிலாளர் ஒற்றுமையைப் பற்றியது. அதைப் படித்துவிட்டு இயக்குநர் போன் செய்தார். "கருத்தெல்லாம் சரிதான், ஆனால் ஏழு பேரும் ஒரே ஆள் மாதிரி பேசுகிறார்கள். அந்த டீக்கடைக் கிழவர் மட்டும்தான் ஆளாக இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதிலிருந்து பேனாவைத் தொடவே மனம் வரவில்லை.

எங்கள் குடோனில் ஒரு மேஸ்திரி இருக்கிறார். பெட்டியை லேசாக ஆட்டிப் பார்த்தே உள்ளே என்ன சரக்கு என்று சொல்லிவிடுவார். கண்ணாடிச் சாமான் என்று எழுதிய பெட்டியைப் பேத்தியைத் தூக்குகிற மாதிரி தூக்கி வைப்பார், அடுத்த பெட்டியைக் காலால் தள்ளுவார். அவர்தான் "விடாதடா, ஷேக்ஸ்பியரே குதிரை பிடிச்சு நின்னவன்தான்" என்பார். வாட்ஸ்அப்பிலும் இது சுற்றுகிறது. நாடகக் கொட்டகை வாசலில் குதிரை பிடித்து நின்ற ஏழைப் பையன், விடாமுயற்சியால் உலகத்திலேயே பெரிய நாடக ஆசிரியர் ஆனான் என்று.

இது உண்மையா சார்? விடாமுயற்சி இருந்தால் போதுமா? இல்லை, எங்களைப் போன்றவர்களைத் தேற்றுவதற்குச் சொல்வதா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

குதிரைக் கதையை முதலில் முடித்துவிடுவோம். ஷேக்ஸ்பியர் இறந்தது 1616 இல். அவர் கொட்டகை வாசலில் குதிரை பிடித்தார் என்ற பேச்சு அச்சுக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். சாமுவேல் ஜான்சன் தன்னுடைய 1765 பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டார், அதற்கப்புறம் நன்றாகப் பரவிவிட்டது. ஷேக்ஸ்பியரோடு பழகியவர்கள் யாரும் அப்படி ஒரு செய்தியை எழுதிவைக்கவில்லை. அவருடைய அப்பா கையுறை செய்து விற்றவர், 1568 இல் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரின் தலைமைப் பதவியிலேயே இருந்தவர். பிறகு குடும்பம் நொடித்தது உண்மைதான். ஆனாலும் நீங்கள் தேடுகிற ஆள் ஷேக்ஸ்பியர் இல்லை. உங்கள் மேஸ்திரியிடம் இதைப் போய்ச் சொல்ல வேண்டாம், அவர் சொன்னது உங்கள் மேல் உள்ள பிரியத்தில்.

நிஜமாகவே கூலி வேலை செய்துகொண்டு நாடகம் எழுதிய ஒருவரைச் சொல்கிறேன். ஷான் ஓ'கேஸி. அயர்லாந்துக்காரர். அவர் வாழ்க்கை நிறையப் பதிவாகியிருக்கிறது, அவரே 6 பாகங்களில் எழுதியிருக்கிறார், அவரை நேரில் கண்டவர்களும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும், குறிப்பாக அந்த இயக்குநர் சொன்னதைப் படித்ததும், எனக்கு அவர்தான் ஞாபகம் வந்தார். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

1880 மார்ச் 30 அன்று டப்ளினில், அப்பர் டோர்செட் தெருவில் பிறந்தார். ஆறு வயதில் அப்பா போய்விட்டார். சின்ன வயதிலேயே கண்ணில் டிரக்கோமா என்ற நோய். இமையின் உட்பக்கம் புண்ணாகி, வெளிச்சம் பட்டாலே எரியும். கடைசிவரை அவரை விடவில்லை. கண்ணில் கட்டுப் போட்ட பையன் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நாள் போயிருக்க முடியும்? படிப்பு துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. 14 வயதில் இரும்புச் சாமான் மொத்தக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் பத்திரிகை விநியோகிக்கும் ஒரு நிறுவனம். அங்கே சம்பளம் வாங்கும்போது தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பது வழக்கம், கழற்ற மாட்டேன் என்றார், வேலை போயிற்று என்று தன்வரலாற்றில் எழுதுகிறார். பிறகு வடக்கு ரயில்வேயில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஏறக்குறைய 9 வருடம். 1911 இல் அதுவும் போனது. அதன் பிறகு நாள்கூலிதான், கட்டட வேலை, ரோட்டு வேலை, எது கிடைக்கிறதோ அது.

டப்ளின் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் அவர் நாடகங்கள் புரியும். 1801 இல் அயர்லாந்தின் நாடாளுமன்றத்தை லண்டனோடு சேர்த்துவிட்டார்கள். பிரபுக்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு லண்டன் போனார்கள். அவர்கள் விட்டுப்போன மூன்று மாடி, நான்கு மாடி மாளிகைகள் காலப்போக்கில் அறை அறையாக வாடகைக்குப் பிரிந்தன. மேற்கூரையில் பிளாஸ்டரில் செய்த பூவேலை, கீழே ஒரே அறையில் அப்பா, அம்மா, ஆறு பிள்ளைகள், மாடிப்படியில் கைப்பிடிக் கட்டைகளை விறகுக்கு உடைத்த இடம் காலியாக இருக்கும், தண்ணீருக்கும் கக்கூசுக்கும் கொல்லைப்புறம் இறங்கிப் போக வேண்டும். 1911 கணக்குப்படி நகரின் உள்பகுதியில் 26,000 குடும்பங்கள் இப்படிப்பட்ட வீடுகளில் இருந்தன, அதில் 20,000 குடும்பங்களுக்கு ஒரே ஒரு அறை. 1913 செப்டம்பரில் சர்ச் தெருவில் இரண்டு வீடுகள் அப்படியே இடிந்து விழுந்து 7 பேர் செத்தார்கள். அதே சமயம்தான் ஜிம் லார்க்கினின் தொழிற்சங்கத்தை உடைக்க முதலாளிகள் கதவடைப்பு செய்தார்கள், சுமார் 20,000 தொழிலாளிகள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தார்கள். ஓ'கேஸி அந்தச் சங்கத்தின் ஆள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நிவாரணம் திரட்டும் குழுவுக்குச் செயலாளர். தொழிலாளர்கள் தங்கள் பாதுகாப்புக்குத் தொடங்கிய குடிமக்கள் படைக்கும் கொஞ்ச காலம் செயலாளராக இருந்து, கருத்து மோதலில் 1914 இலேயே வெளியே வந்துவிட்டார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டீர்களே, விடாமுயற்சி போதுமா என்று. ஓ'கேஸிக்கு பெல்லா என்று ஒரு அக்கா. வீட்டிலேயே அதிகம் படித்தவர், பயிற்சி பெற்ற ஆசிரியை. தம்பிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. ராணுவத்தில் முரசு அடிக்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த மனிதருக்குப் புத்தி பேதலித்து 1907 இல் மனநோய் விடுதியில் இறந்தார். ஆசிரியை வேலை எப்போதோ போயிருந்தது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெல்லா அடுத்த வீடுகளில் தரை தேய்த்துப் பிழைத்தார், 1918 இல் வறுமையிலேயே இறந்தார். இவருக்கு என்ன உழைப்பு குறைவா, பிடிவாதம் குறைவா? ஜெயித்தவர் கதையை மட்டும் சொல்லி "பார், உழைத்தான், உயர்ந்தான்" என்று முடிப்பது பெல்லா போன்றவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். அந்த வாட்ஸ்அப் செய்தியில் எனக்கு உள்ள கோபம் அதுதான். வறுமை யாரையும் எழுத்தாளர் ஆக்குவதில்லை, பெரும்பாலும் கொன்றுபோடுகிறது.

அதே 1918 கடைசியில் அம்மாவும் இறந்தார். குடிமக்கள் படையின் வரலாற்றை ஓ'கேஸி ஒரு சின்னப் புத்தகமாக எழுதியிருந்தார். அதற்குப் பதிப்பாளர் கொடுத்த பணம் 15 பவுண்டு. எழுத்தில் வந்த முதல் உருப்படியான பணம் அதுதான். அந்தக் காசு அம்மாவின் சவ அடக்கத்துக்குப் போயிற்று. பணத்தைக் கண்ணால் பார்க்காமல் பெட்டியைத் தூக்க மாட்டேன் என்று நின்ற ஆளைப் பற்றித் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார், படிக்கவே கஷ்டமாக இருக்கும்.

சரி, நாடகத்துக்கு வருவோம்.

சின்ன வயதில் அண்ணனோடு சேர்ந்து நாடக வசனங்களைச் சொல்லிப் பழகியவர் அவர். டப்ளினில் மெக்கானிக்ஸ் தியேட்டர் என்ற பழைய கொட்டகையில் ஒரு நாடகத்தில் பாதிரியார் வேடம்கூடப் போட்டார். அந்தக் கட்டடம்தான் பின்னால் அபே தியேட்டர் ஆயிற்று. கவிஞர் யேட்ஸ், லேடி கிரெகரி ஆகியோர் 1904 இல் திறந்த அயர்லாந்தின் தேசிய நாடக அரங்கம். ஆனால் அங்கே டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்க ஓ'கேஸியிடம் காசு இருந்ததில்லை, முன்பின் பார்த்தது மிகச் சில நாடகங்கள்தான். அதற்குத்தான் எழுதி அனுப்பினார்.

முதலில் அனுப்பிய இரண்டு நாடகங்களும் 1920 இல் திரும்பி வந்தன. ஒன்றில் மட்டும் ஒரு குறிப்பு: நல்ல நாடகம் என்பதற்கு வெகு தூரத்தில் இல்லை. அவ்வளவுதான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அடுத்ததை எழுதினார். 'க்ரிம்ஸன் இன் த ட்ரைகலர்' என்று பெயர். தேசிய இயக்கமா, தொழிலாளர் இயக்கமா, யார் யாருக்குத் துரோகம் செய்கிறார்கள் என்ற வாதத்தை வைத்து எழுதிய நாடகம். மட்டமான தாளில் மோசமான கையெழுத்தில் எழுதியது, ஏனென்றால் அந்தத் தாள் வாங்குவதே அவருக்குச் சிரமம். பிரதியை தியேட்டரில் தொலைத்தும்விட்டார்கள், அப்புறம் கிடைத்தது. லேடி கிரெகரி அதைத் தட்டச்சு செய்யவைத்துப் படித்தார். அவருக்கு அதைப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை, மேடையில் பார்த்தால் எழுதியவர் கற்றுக்கொள்வாரே என்று. யேட்ஸ் முடியவே முடியாது என்றார். 1922 இல் அதுவும் திரும்பியது.

லேடி கிரெகரியைப் பற்றி ஒரு வார்த்தை. கால்வே பக்கத்தில் பெரிய நிலச்சுவான்தார் குடும்பம். அவர் கணவர் சர் வில்லியம் கிரெகரி 1872 முதல் 1877 வரை இலங்கையின் கவர்னராக இருந்தவர், நுவரெலியாவில் இருக்கும் கிரெகரி ஏரி அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த மாதிரி இடத்திலிருந்து வந்த எழுபது வயது அம்மாள், டப்ளினின் ஒண்டுக்குடித்தன வீட்டிலிருந்து வந்த கூலிக்காரரைத் தியேட்டர் மாடியில் உட்காரவைத்துப் பேசுகிறார். "உங்களிடம் ஏதோ இருக்கிறது என்று நம்புகிறேன். உங்கள் பலம் பாத்திரப் படைப்பு" என்கிறார்.

அந்த அம்மாள் நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் உள்ளவர், அதனால் நமக்கு ஓர் அரிய விஷயம் கிடைத்திருக்கிறது. 1924 மார்ச்சில், ஓ'கேஸியின் 'ஜூனோ அண்ட் த பேகாக்' அமோகமாக ஓடிக்கொண்டிருந்தபோது, இருவரும் பேசியதை அவர் குறித்துவைத்திருக்கிறார். நிராகரித்த அந்தப் பழைய நாடகத்தைப் பற்றி ஓ'கேஸி சொல்கிறார்: நீங்கள் அதைப் போடாதது சரிதான், இப்போது என்னாலேயே அதைப் படிக்க முடியவில்லை, ஆனால் அன்றைக்கு அது பெரிய ஏமாற்றம், ஏனென்றால் அதுதான் நான் எழுதியதில் சிறந்தது என்று நினைத்தேன், அதுமட்டுமில்லை, உலகத்தில் யாருமே இவ்வளவு நன்றாக எழுதியதில்லை என்றே நினைத்தேன் என்கிறார். மேலும் சொல்கிறார்: மாடியில் அலுவலக அறையில் நீங்கள் எங்கே நின்று சொன்னீர்கள் என்று இடத்தைக்கூடக் காட்டுவேன், உங்கள் திறமை பாத்திரப் படைப்பு என்று நீங்கள் சொன்னதும், என் கோட்பாடுகளை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு ஆட்களை எழுத உட்கார்ந்தேன், அதன் பலன்தான் இந்த நாடகம்.

நண்பரே, இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். ஓ'கேஸியின் விடாமுயற்சி என்று நான் சொல்வது இதைத்தான். மூன்று நாடகங்கள் திரும்பி வந்தும் நான்காவதை எழுதினார் என்பதில் பெரிதாக ஒன்றுமில்லை, பிடிவாதம் உள்ள யாரும் எழுதுவார்கள். உலகத்திலேயே சிறந்தது என்று தான் நம்பிய ஒன்றைத் திருப்பிக் கொடுத்தவர்கள் சொன்னதை, அந்த வலியோடேயே கேட்டு, தான் எழுதுகிற விதத்தையே மாற்றிக்கொண்டார். அதுவும் அவருக்குக் கொள்கை ஒன்றும் லேசான விஷயம் இல்லை, அதற்காக வேலை இழந்தவர், பட்டினி கிடந்தவர், சாகும்வரை கம்யூனிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டவர். கொள்கையை விடவில்லை. பாத்திரங்கள் வாயில் அதைத் திணிப்பதை விட்டார்.

மாற்றத்துக்குப் பிறகு வந்தது 'ஷாடோ ஆஃப் எ கன்மேன்'. 1920 வாக்கில் மவுண்ட்ஜாய் சதுக்கத்தில் 35ஆம் எண் வீட்டில் ஒரு நண்பரோடு அறையைப் பகிர்ந்து தங்கியிருந்தார். அப்போது பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது, பிரிட்டிஷ் படை நள்ளிரவில் அந்த வீட்டைச் சோதனை போட்ட அனுபவம் உண்டு. நாடகத்தில் ஒரு கவிஞரும் ஒரு சில்லறை வியாபாரியும் அப்படி ஓர் அறையில் இருக்கிறார்கள். கவிஞர் தலைமறைவாக இருக்கும் புரட்சிக்காரர் என்று அக்கம்பக்கம் நினைத்துக்கொள்கிறது. அவரும் இல்லை என்று சொல்லவில்லை, அதே வீட்டில் இருக்கும் பெண் மின்னி வியப்போடு பார்ப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது. சோதனை வரும் இரவில், அறையில் யாரோ விட்டுப்போன பையில் குண்டுகள் இருப்பது தெரியவருகிறது. மின்னி அந்தப் பையைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள், பிடிபடுகிறாள், சாகிறாள். ஆண்கள் இருவரும் அறைக்குள்ளேயே இருக்கிறார்கள். அந்த வியாபாரி பயந்தாங்கொள்ளி, சோம்பேறி, ஆனால் நாடகத்தின் மிகக் கூர்மையான பேச்சு அவனுக்குத்தான். துப்பாக்கிக்காரர்கள் மக்களுக்காகச் சாகிறோம் என்கிறார்கள், ஆனால் துப்பாக்கிக்காரர்களுக்காக மக்கள்தான் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பான். இதை 1923 ஏப்ரல் 12 அன்று, அயர்லாந்துக்காரர்களுக்குள்ளேயே நடந்த உள்நாட்டுப் போர் இன்னும் முடியாத டப்ளினில், மேடையில் சொன்னார்கள். மூன்றே நாள் நடந்தது. கடைசி நாள் இடமில்லாமல் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஓ'கேஸிக்குக் கிடைத்தது நாலு பவுண்டு அளவுக்குத்தான். வயது 43. மறுபடி கலவை போடும் வேலைக்குத்தான் போனார்.

அடுத்த வருடம் 'ஜூனோ'. 1924 மார்ச் 3. அபே தியேட்டரில் ஒரு வாரத்துக்கு மேல் நீட்டித்து ஓடிய முதல் நாடகம் இது. இதில் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன், பாத்திரம் என்று லேடி கிரெகரி எதைச் சொன்னார் என்பது விளங்கும்.

பாய்ல் என்று ஒரு குடும்பத் தலைவர். கேப்டன் என்று தன்னைச் சொல்லிக்கொள்வார், எப்போதோ ஒரு முறை கப்பலில் போனவர், அவ்வளவுதான். வேலை இருக்கிறது வா என்று யாராவது சொன்னால் உடனே காலில் வலி வந்துவிடும். மனைவி ஜூனோதான் வேலைக்குப் போய்ச் சோறு போடுகிறவள். காலையில் இருவருக்கும் வாய்த்தகராறு, உன் சாப்பாடு எனக்கு வேண்டாம் என்று கேப்டன் வீராப்பாகச் சொல்லிவிடுகிறார். அவளும் கிளம்பிவிடுகிறாள். அவள் போனதும் கேப்டன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, பொட்டலத்திலிருந்து ஒரு சாசேஜை எடுத்து வாணலியில் போட்டு, மெதுவாகப் பாட்டுப் பாடிக்கொண்டே வறுக்கிறார். இங்கே கொள்கை எங்கே, வறுமை பற்றிய பேச்சு எங்கே? ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த வீட்டில் யார் உழைக்கிறார்கள், யார் தின்கிறார்கள், யாருடைய மானம் எதில் இருக்கிறது என்பது முழுக்க வந்துவிட்டது. கொட்டகை சிரித்திருக்கும். அந்தச் சிரிப்புக்குத் தண்டனை மாதிரி கடைசி அங்கம் வரும். வரவேண்டிய சொத்து வராமல் போகும், மகளை ஒருவன் ஏமாற்றிவிட்டுப் போயிருப்பான், தோழனைக் காட்டிக்கொடுத்த மகனைத் தோழர்களே இழுத்துப்போய்ச் சுட்டிருப்பார்கள், கடன்காரர்கள் நாற்காலி மேசை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஜூனோ மகளை அழைத்துக்கொண்டு வெளியேறியபின், காலி அறைக்குள் கேப்டன் குடித்துவிட்டு நண்பனோடு தள்ளாடி வருகிறார், மகன் செத்தது தெரியாமல் நாட்டைப் பற்றிப் பெரிய பேச்சுப் பேசுகிறார். முதல் காட்சியில் நாம் ரசித்த அதே ஆள்தான். என் கணிப்பில் 20ஆம் நூற்றாண்டு நாடகத்தில் இதற்கு மேலான முடிவுகள் சிலவே உண்டு.

கேப்டனாக நடித்த பாரி ஃபிட்ஸ்ஜெரால்டும் அப்போது பகலில் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்தவர்தான், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

1926 இல் 'ப்ளவ் அண்ட் த ஸ்டார்ஸ்'. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் 1916 ஈஸ்டர் எழுச்சி நடந்து பத்தே வருடம், உயிர் கொடுத்தவர்களின் மனைவிகளும் தாய்களும் அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், மேடையில் சாராயக்கடைக்குள் எழுச்சிக்காரர்களின் கொடி வருகிறது, விலைமாது ஒருத்தி வருகிறாள், எழுச்சி நடக்கும்போது ஏழைப் பெண்கள் இரண்டு பேர் கடையில் கொள்ளையடித்த சாமானை ஏற்றிவர ஒரு குழந்தை வண்டிக்காகச் சண்டை போடுகிறார்கள். நான்காம் நாள் கலகம். மேடையில் ஏறி நடிகர்களை அடித்தார்கள். யேட்ஸ் மேடைக்கு வந்து "மறுபடியும் உங்களை நீங்களே கேவலப்படுத்திக்கொண்டீர்கள்" என்று கூட்டத்தைப் பார்த்து முழங்கினார். கலகம் செய்தவர்கள் எல்லாரும் மூடர்கள் என்று சொல்ல மாட்டேன், அதற்குத் தலைமை தாங்கிய ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனின் கணவரை 1916 இல் பிரிட்டிஷ் ராணுவம் அநியாயமாகச் சுட்டுக் கொன்றிருந்தது. ஆனால் அந்தக் குழந்தை வண்டிச் சண்டையை ஓ'கேஸி எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அந்தத் தெருவில் வாழ்ந்த ஆள் அவர்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. 1926 இல் லண்டனுக்குக் குடிபோனார். முதல் உலகப்போரைப் பற்றி 'சில்வர் டாஸி' எழுதி 1928 இல் அபேக்கு அனுப்பினார். யேட்ஸ் அதையும் திருப்பினார். இந்த முறை கடிதத்தில், போரில் உங்களுக்கு அக்கறை இல்லை, போர்க்களத்தில் நின்றதில்லை, அதன் மருத்துவமனைகளில் நடந்ததில்லை, அதனால்தான் நாடகம் நிற்கவில்லை என்கிற தோரணையில் எழுதினார். ஓ'கேஸி 1915 இல் டப்ளினில் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்களில் போரில் அடிபட்ட சிப்பாய்கள் இருந்தார்கள். அவர் பதில் எழுதினார்: போரில் நிற்காதவன் போரைப் பற்றி எழுதக் கூடாதா, ஷேக்ஸ்பியர் என்ன, பழைய ரோமப் போர்கள் நடந்த ஆக்டியத்திலும் பிலிப்பியிலும் இருந்தாரா? கடிதங்களைப் பத்திரிகையிலும் வெளியிட்டார். நாடகம் 1929 இல் லண்டனில் மேடையேறியது. அதன் இரண்டாம் அங்கம், போர்முனையில் சிப்பாய்கள் மந்திரம் போலப் பாடுகிற அங்கம், அவர் எழுதியதிலேயே துணிச்சலான பகுதி என்று நினைக்கிறேன். அபேயே 1935 இல் அதைப் போட்டது.

ஆகவே அதே யேட்ஸ் இரண்டு முறை மறுத்தார். முதல் மறுப்பை ஓ'கேஸி ஏற்றுக்கொண்டார், இரண்டாவதை ஏற்கவில்லை. இரண்டும் சரி என்பது என் கட்சி. 1922 இல் அவர்கள் பிரதியைப் பார்த்துப் பேசினார்கள். இது இருக்கிறது, இது இல்லை என்று சொன்னார்கள், இருப்பதைக் காட்டினார்கள். 1928 இல் ஆளைப் பார்த்துப் பேசினார்கள், உனக்குத் தெரிந்தது டப்ளின் சந்து, அங்கேயே நில் என்றார்கள். கூலிக்காரராக இருந்து எழுத வருகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வகை மறுப்பு வந்தே தீரும். உன் கஷ்டத்தை எழுது, அது போதும், மற்றதெல்லாம் உனக்கு எதற்கு என்பார்கள். அதைக் கேட்கவே கேட்காதீர்கள். அதற்கு ஓ'கேஸி கொடுத்த விலையும் பெரியது. அபே என்ற அரங்கத்தையும், தன் ஆட்களைத் தெரிந்த நடிகர்களையும் இழந்தார். 1964 செப்டம்பரில் இங்கிலாந்தின் டெவனில் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தாலும், டப்ளின் மேடையில் ஜூனோவுக்குக் கிடைத்த மாதிரி ஒரு வீடு பிந்திய நாடகங்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது உங்கள் விஷயம். அந்த இயக்குநர் உங்களுக்குச் செய்தது முதல் வகை. ஏழு பேர் ஒரே ஆளாகப் பேசுகிறார்கள் என்றார், டீக்கடைக் கிழவர் மட்டும் ஆளாக இருக்கிறார் என்றார். முதல் பாதியைக் கேட்டு எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். இரண்டாவது பாதி உங்கள் காதில் விழவே இல்லை போலிருக்கிறது. உங்கள் பிரதியை முழுக்கப் படித்திருந்தால்தான் ஒருவர் அப்படிச் சொல்ல முடியும். அதுவும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். லேடி கிரெகரிகள் நிறையப் பேர் கிடைக்க மாட்டார்கள், நம் ஊரில் பிரதி அனுப்பினால் வந்து சேர்ந்தது என்று சொல்கிறவர்களே குறைவு. அவருக்கு ஒரு போன் போடுங்கள். கிழவரிடம் என்ன பிடித்தது, எந்த இடத்தில் மற்றவர்கள் ஒரே குரலாகிறார்கள் என்று பக்க எண்ணோடு கேளுங்கள். மனம் வராது, இருந்தாலும் கேளுங்கள்.

இன்னொன்று. தொழிலாளர் ஒற்றுமை நாடகத்தின் ஏழு பேரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. மேஸ்திரியைப் பற்றி நீங்கள் எழுதிய நாலு வரியில் அவர் கை, கால், வாய் எல்லாம் தெரிகிறது. கண்ணாடிப் பெட்டியை அப்படி இறக்கி வைக்கிறவர் அடுத்த பெட்டியை ஏன் உதைக்கிறார்? உங்களுக்குத் தெரிந்திருக்கும், இல்லை கவனித்தால் தெரியும். அவர் கூலி உயர்வு கேட்டுப் போராடும் கூட்டத்தில் நிற்பாரா, நழுவுவாரா? நழுவினால் வீட்டில் போய் என்ன சொல்வார்? ஒற்றுமையைப் பற்றிய நாடகம் அந்த இடத்திலிருந்து கிளம்ப முடியும், ராஜராஜ சோழனைப் பற்றி எழுதினாலும் சரி, செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி எழுதினாலும் சரி, இப்படிப் பார்த்த ஆட்கள் அதற்குள் இருந்தால் நிற்கும்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டாம். நாடகம் மேடையேறிய பிறகும் ஓ'கேஸி கூலிக்குப் போனார், அதில் பெருமையும் இல்லை, கேவலமும் இல்லை, சோறு அதில் இருந்தது.

ஜூனோவின் ஆங்கிலப் பிரதி என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. முகவரி எழுதுங்கள், தபாலில் அனுப்புகிறேன். டப்ளின் பேச்சு வழக்கில் எழுதியது, எழுத்துக்கூட்டலே வேறு மாதிரி இருக்கும், முதல் பத்துப் பக்கம் கஷ்டப்படுத்தும். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும், பிடிபடாத இடங்களைக் கோடு போட்டு அனுப்புங்கள், விளக்கி எழுதுகிறேன்.

அன்புடன்